பாவைக்கு உயிர் தந்த மோச்சினாகா

திரைப்படக் கழக அன்பர்கள் வெள்ளி விழா மலருக்குக் கட்டுரை கேட்டதும், ஜப்பானிய ஸ்டாப் மோஷன் கலைஞர் தடாஹிதோ மோச்சினாகாவைப் பற்றி எழுதுவதே என் கடன் என்று கொண்டேன். ஸ்டாப் மோஷன் என்றால் என்னவென்று கழகத்தாருக்கு நான் சொல்ல வேண்டியதில்லை. நாணுடைமை அதிகாரத்தின் கடைசிக் குறளில் வள்ளுவப் பெருந்தகை காட்டும் மரப்பாவை, கயிற்றின் இயக்கத்தால் உயிருள்ளதுபோல் மயக்குவது. மோச்சினாகாவின் பாவைக்குக் கயிறும் கிடையாது. விரலால் இம்மியளவு நகர்த்தி ஒரு படம், மறுபடி நகர்த்தி இன்னொரு படம் என்று அது நடக்கும்.

1919இல் டோக்கியோவில் பிறந்து மஞ்சூரியாவில் வளர்ந்தவர். 1941இல் வெளிவந்த 'அரி-சான்' படத்துக்காக ஜப்பானின் முதல் பல அடுக்குக் கேமராவை உருவாக்கினார். போர்க்காலத்தில் கடற்படையின் பிரசாரப் படத்திலும் வேலை செய்தார். அதை மறைத்துப் புகழ்வது அவருக்குப் பெருமை சேர்க்காது.

1945இல் மீண்டும் மஞ்சூரியா சென்றவர், ஜப்பான் தோற்ற பிறகும் அங்கேயே தங்கினார். ஃபாங் மிங் என்ற சீனப் பெயரோடு உழைத்தார். அன்றைய சீன ஆட்சித் தலைவர் சியாங் கை ஷேக்கை நையாண்டி செய்த 'பேரரசர் கனவு' (1947) சீனத்தின் முதல் பொம்மைப் படம். அதன் பொம்மைகளை இயக்கியவர் இவரே. நேற்றுவரை பகை நாட்டான் என்று பார்க்கப்பட்டவரிடம் சீன இளைஞர்கள் தொழில் கற்றார்கள். வித்தைக்கு எல்லைக்கோடு ஏது?

1953இல் தாயகம் திரும்பி எடுத்த படங்களில் ஒன்று, சாம்போ என்னும் சிறுவன் புலிகளை வெல்லும் கதை. 1958இல் வான்கூவர் விழாவில் சிறந்த சிறுவர் படமாகப் பரிசு பெற்றது. மூலக்கதையை எழுதிய ஹெலன் பானர்மன் நம் சென்னையில் வாழ்ந்த ஸ்காட்லாந்துப் பெண்மணி. கொடைக்கானலில் பிள்ளைகளை விட்டுவிட்டுத் திரும்பும் ரயிலில் எழுதினார் என்பர். புலிகள் நெய்யாய் உருகும் கதை வேறெங்கே பிறக்கும்! சாம்போ என்னும் பெயர் இன்று நிற இழிவாகக் கருதப்படுவதும் நியாயமே.

அமெரிக்கத் தொலைக்காட்சியில் 1964இல் வந்த 'ருடால்ஃப்' கலைமானின் பொம்மைகள் அசைந்தது டோக்கியோவில், இவர் மேற்பார்வையில். கனடாவில் பதிவான குரலுக்கு டோக்கியோவில் உடல் அசைந்தது. மானின் நடையைப் பயில நாராவின் மான் பூங்காவுக்கே போனார்கள். பொம்மைப் படங்களில் பின்னாளில் பெரும்பெயர் பெற்ற கவாமோட்டோ கிஹாச்சிரோவும் இவரிடம் பயின்றவர்தான்.

மோச்சினாகா 1999இல் மறைந்தார். கழகத்தார் இவர் படங்களைத் தேடிப் பெற்று, ஆண்டுக்கு ஒருநாளாவது பள்ளிப் பிள்ளைகளுக்குத் திரையிட வேண்டும். திரையிட்ட மறுநாள் களிமண்ணும் ஒரு கைப்பேசியும் அவர்கள் கையில் கொடுங்கள்.