கல்லுதான் பட்டா

ஆத்தூரில் நின்று பார்த்தால் வடக்கே கல்வராயன்மலை, தெற்கே பச்சைமலை. மலைச் சனத்திடமும் சேரிச் சனத்திடமும் அதிகாரி கேட்கிற கேள்வி ஒன்றுதான்: "பட்டா எங்கடா?"

1892இல் பஞ்சமர்க்கென்று வெள்ளைக்காரன் சர்க்கார் நிலம் ஒதுக்கியது. வேறு சாதிக்கு விற்கக் கூடாதென்று நிபந்தனையும் போட்டது. காகிதம் இருந்தது, நிலம்தான் கைமாறிப் போச்சு. காகிதம் இருந்தே நம்ம கதி இது. காகிதமே இல்லாத ஆதிவாசி என்ன பண்ணுவான்? அதற்கு ஜார்க்கண்டில் ஒரு பதில் இருக்கிறது.

ராஞ்சிக்குத் தெற்கே தெற்குக் கோயல், கரோ என்று இரண்டு ஆறுகள். இரண்டையும் மறித்து அணை கட்டி 710 மெகாவாட் மின்சாரம் எடுக்க 1973இல் திட்டம் போட்டார்கள். முண்டா, உராவோன் மக்களின் ஊர்கள் முழுகும். எத்தனை ஊர் என்பதில் சர்க்கார் கணக்கு வேற, சனங்க கணக்கு வேற.

முண்டாக்கள் செத்தவர்களின் எலும்பைப் புதைத்து, மேலே பெரிய கல்லை வைப்பார்கள். அதற்குப் பேர் சாசன்திரி. எந்தக் குடியின் கல் எந்த ஊரில் கிடக்கிறதோ, அந்த மண் அந்தக் குடிக்குச் சொந்தம். சாமி குடியிருப்பது சர்னா என்கிற சால மரத் தோப்பில். வீட்டுக்கு நஷ்டஈடு கொடுக்கலாம். பாட்டன் கல்லுக்கும் சாமி தோப்புக்கும் என்ன விலை போடுவது? "முதலில் இரண்டு ஊரை எங்க சர்னாவோடு குடியமர்த்திக் காட்டு, அப்புறம் பேசலாம்" என்றார்கள். சர்க்காரால் முடியலை.

கோயல்-கரோ ஜன சங்கடன் என்று அமைப்பு கட்டினார்கள். ஊர் எல்லையில் தடுப்புக் கட்டை போட்டு, அனுமதி இல்லாமல் அணைக்காரன் யாரையும் உள்ளே விடலை. 1995 ஜூலையில் பிரதமர் நரசிம்மராவ் அடிக்கல் நாட்ட வருவதாக இருந்தது. சனம் திரண்டு எதிர்த்தது, அவர் வரவில்லை.

தனி மாநிலம் 2000 நவம்பரில் பிறந்தது. நம்ம ஆட்சி என்று நம்பிய சனத்துக்கு மூன்றே மாதத்தில் பதில் கிடைத்தது. 2001 பிப்ரவரி 1இல் போலீஸ் தடுப்புக் கட்டையைப் பிடுங்கியது. தட்டிக் கேட்டவரை அடித்தது. மறுநாள் தப்கரா புறக்காவல் நிலையத்தின் முன் நியாயம் கேட்டுக் கூடியவர்கள்மீது துப்பாக்கிச் சூடு. எட்டுப் பேர் செத்தார்கள். 2003இல் திட்டத்தைக் கைவிடுவதாக அரசு சொன்னது. சுடப்பட்டவர்களின் நினைவாக இன்றும் பிப்ரவரி 2இல் தப்கராவில் கூடுகிறார்கள்.

நமக்கு இது தூரத்துக் கதை இல்லை. பக்கத்துக் கொல்லிமலை ஓடைகளை மறித்து 20 மெகாவாட் எடுக்க மின்வாரியம் திட்டம் போட்டது. அந்தக் கம்பியில் வருகிற வெளிச்சம் நம்ம தெருவுக்கும் வரும், மறுக்கலை. ஆனால் ஓடைக்கரையில் குடியிருக்கிற மலையாளி சனத்தைக் கேட்டுத்தான் அளவுச் சங்கிலியை எடுக்கணும். சேரியைக் கேட்காமல் சேரி நிலத்தை அளந்தவனை நமக்குத் தெரியும். அதனால் இந்தக் கேள்வியை மலைக்காரன் மட்டும் கேட்டால் போதாது. கீழே இருக்கிற நாமும் சேர்ந்து கேட்கணும்.