அடிலெய்டுக்குப் போன ஸ்டிக்கர்

செயற்கை இடுப்பு மூட்டு வரும் பெட்டிக்குள் உலோகத்தோடு சில ஸ்டிக்கர்களும் இருக்கும். மாடல் எண், தயாரிப்புத் தொகுதி எண், அளவு, அவ்வளவுதான். அறுவை அரங்கில் பெட்டியைப் பிரித்ததும் பந்தும் கிண்ணமும் மருத்துவர் கைக்குப் போகும். ஸ்டிக்கரை உரித்து நோயாளியின் கோப்பில் ஒட்டுவார்கள். தையல் போட்டபின் உலோகத்தை யாரும் பார்க்க முடியாது. உள்ளே அது என்ன செய்கிறது என்று வெளியுலகம் அறிய வேண்டுமானால், அந்த ஸ்டிக்கர்தான் பயணம் போக வேண்டும்.

ஏ.எஸ்.ஆர். என்ற இடுப்பு மூட்டின் கதையைச் சொல்கிறேன். ஜான்சன் அண்ட் ஜான்சன் குழுமத்தின் டிபியூ நிறுவனம் 2003இல் அதைச் சந்தைக்குக் கொண்டுவந்தது. பழைய மூட்டுகளில் உலோகப் பந்து பிளாஸ்டிக் கிண்ணத்தில் சுழலும். ஆண்டுகள் போகப் போக பிளாஸ்டிக் தேயும். ஏ.எஸ்.ஆரில் பந்து, கிண்ணம் இரண்டுமே கோபால்ட் குரோமியம். பந்தும் பெரியது, எளிதில் நழுவாது. ஓடியாடி உழைக்கும் வயதினருக்கு நீண்ட காலம் உழைக்கும் என்று நம்பினார்கள். அமெரிக்காவில் 2005இல், முன்பே இருந்த கருவிகளைப் போன்றதுதான் என்ற அடிப்படையில், நோயாளிகளிடம் சோதிக்காமலே அனுமதி கிடைத்தது.

கோளாறு கிண்ணத்தில் இருந்தது. அதன் ஆழம் குறைவு. பொருத்தும் கோணம் கொஞ்சம் பிசகினாலும் பந்து விளிம்பில் ஏறி உரசியது. கண்ணுக்குத் தெரியாத உலோகத்தூள் உதிர்ந்து சுற்றியிருந்த தசையை அழித்தது. கோபால்ட்டும் குரோமியமும் இரத்தத்தில் கலந்தன.

இதை எந்த மருத்துவராவது கண்டுபிடித்திருக்க மாட்டாரா என்று கேட்கலாம். ஒருவர் ஆண்டுக்குச் சில டஜன் மூட்டுகள் பொருத்துகிறார் என்று வைத்துக்கொள்வோம். இரண்டு பேர் வலியோடு திரும்பி வந்தால், தன் கை பிசகிவிட்டதோ, இவர்கள் எலும்பு பலவீனமோ என்றுதான் அவர் நினைப்பார். மூன்றாவது ஆள் நம்பிக்கை இழந்து வேறு ஊரில் வேறு மருத்துவரிடம் போயிருப்பார். அது இவருக்குத் தெரியவே வராது. ஒவ்வொருவர் கையிலும் ஒரு துண்டுதான் இருக்கிறது. துண்டுகளைச் சேர்த்துப் பார்க்க ஓர் இடம் வேண்டும்.

சுவீடன் மருத்துவர்கள் அந்த இடத்தை முழங்காலுக்கு 1975இலும் இடுப்புக்கு 1979இலும் உண்டாக்கினார்கள். ஆஸ்திரேலியாவில் 1999இல் தொடங்கிய பதிவேடு 2002க்குள் நாடு முழுவதும் பரவியது. அதன் தலைமையிடம் அடிலெய்டு. மருத்துவமனைகள் ஒவ்வொரு மூட்டு அறுவைக்கும் ஒரு படிவத்தில் ஸ்டிக்கரை ஒட்டி அங்கே அனுப்பின. அதே ஆளுக்கு அதே இடுப்பில் மறு அறுவை நடந்தால், எந்த ஊரில் நடந்தாலும், இரண்டாவது படிவமும் அங்கேதான் வரும். இரண்டு தாள்களும் சந்திக்கும்போது இந்த மாடல், இத்தனை ஆண்டில், இன்ன காரணத்தால் தோற்றது என்பது பதிவாகிவிடும். இறந்தவர்களின் அரசுப் பதிவோடும் ஒப்பிடுவார்கள். இல்லாவிட்டால் காலமானவரின் மூட்டும் நன்றாக ஓடுவதாகக் கணக்கில் நிற்கும்.

அந்தப் பதிவேடு மாடலின் பெயரை மறைக்காமல் ஆண்டறிக்கையில் அச்சிட்டது. இதைத்தான் நான் பெரிதாக மதிக்கிறேன். எதிர்பார்த்ததைவிட அதிகமாக மறு அறுவைக்கு உள்ளாகும் மூட்டு என்று 2007 அறிக்கையிலேயே ஏ.எஸ்.ஆர். இடம்பெற்றது. நிறுவனத் தரப்போ, மருத்துவர்கள் பொருத்தும் விதத்தைக் காரணம் காட்டியது. 2009 டிசம்பரில் ஆஸ்திரேலியச் சந்தையிலிருந்து மட்டும் அது விலக்கப்பட்டது. மற்ற நாடுகளில் பெட்டிகள் பிரிக்கப்பட்டுக்கொண்டே இருந்தன. கணக்கு சரியான நேரத்தில் சொல்லிவிட்டது. கேட்க வேண்டியவர்கள் தாமதித்தார்கள். இடைப்பட்ட அந்த ஆண்டுகளில் பொருத்தப்பட்ட ஒவ்வொரு மூட்டும் தவிர்த்திருக்கக்கூடியது என்பதை என்னால் எளிதில் கடந்துபோக முடியவில்லை.

முடிவு கட்டியது இங்கிலாந்து, வேல்ஸ் பதிவேடு. கேப்பிட்டல் என்ற மூட்டு 1998இல் மோசமாகத் தோற்றபோது, அது யார் யார் உடம்பில் இருக்கிறது என்று தேடி அல்லாடிய அனுபவத்துக்குப் பின் 2003இல் பதிவு செய்யத் தொடங்கிய அமைப்பு அது. ஐந்தே ஆண்டில் நூற்றுக்கு 12, 13 ஏ.எஸ்.ஆர். மூட்டுகளுக்கு மறு அறுவை நடந்திருப்பதை அதன் புள்ளிவிவரம் காட்டியது. 2010 ஆகஸ்டில் உலகம் முழுவதிலுமிருந்து திரும்பப் பெறுவதாக நிறுவனம் அறிவித்தது. கடை அலமாரியில் இருப்பதைத் திரும்பப் பெறலாம். அதற்குள் சுமார் 93,000 பேரின் இடுப்பில் அது இருந்தது. அவர்களுக்குத் 'திரும்பப் பெறுதல்' என்றால் இரத்தப் பரிசோதனை, ஸ்கேன், பலருக்கு மறுபடியும் அறுவை மேசை.

இந்தியாவிலும் சுமார் 4,700 அறுவைகளில் இந்த மூட்டு பொருத்தப்பட்டது. மத்திய அரசு 2017இல் அமைத்த நிபுணர் குழு, பாதிக்கப்பட்டவர்களுக்கு இழப்பீடு பரிந்துரைத்தது. கொடுப்பதற்கு ஆளைக் கண்டுபிடிக்க வேண்டுமே? எல்லா மருத்துவமனைகளிலிருந்தும் ஸ்டிக்கர் போய்ச் சேரும் கட்டாயப் பதிவேடு நம்மிடம் இருக்கவில்லை. இடுப்பு, முழங்கால் அறுவை மருத்துவர்களின் சங்கம் ஒரு பதிவேடு நடத்துகிறது. ஆனால் அதில் பதிவது அவரவர் விருப்பம். ஏ.எஸ்.ஆர். பொருத்திக்கொண்டவர்களில் ஆயிரத்துச் சொச்சம் பேரைத்தான் கண்டறிய முடிந்தது. மற்றவர்களின் ஸ்டிக்கர், இருந்தால், ஏதோ ஒரு மருத்துவமனையின் பழைய கோப்பிலோ, வீட்டு பீரோவில் எக்ஸ்ரே உறைக்கு அடியிலோ ஒட்டிய இடத்திலேயே இருக்கும்.