இங்கிலாந்துப் பள்ளிகளில் வில்

இங்கிலாந்து அரசர் 8-ஆம் ஹென்றி 1541-இல் பிறப்பித்த சட்டம் பையன்களின் கையில் வில்லைக் கட்டாயமாகக் கொடுத்தது. 7 முதல் 17 வயது வரையுள்ள பையன் இருக்கும் வீட்டில் அவனுக்கென ஒரு வில்லும் இரண்டு அம்பும் இருக்க வேண்டும். 17 வயதைத் தாண்டியவன் தானே ஒரு வில்லும் நான்கு அம்பும் வைத்திருக்க வேண்டும். கிரெசிப் போரிலும் (1346) அஜின்கோர்ப் போரிலும் (1415) இங்கிலாந்துக்கு வெற்றி தேடித் தந்த நெடுவில்லை இழுக்கும் வலு, சிறு வயதிலேயே பழகினால்தான் தோளுக்கு வரும் என்பது அரசின் கணக்கு. பகடை, சீட்டு முதலியவற்றில் பொழுதைக் கழிப்பதற்கும் அதே சட்டம் தடை போட்டது.

நாட்டுக்குப் பயன்பட்ட வில்லால் படிக்கிற பையனுக்கு என்ன பயன்? கேம்பிரிட்ஜில் ஆசிரியராக இருந்து, பின்னர் இளவரசி எலிசபெத்துக்கும் பாடம் சொன்ன ராஜர் ஆஸ்கம் இந்தக் கேள்வியை எடுத்துக்கொண்டார். 1545-இல் வெளிவந்த அவரது 'டாக்ஸஃபிலஸ்', வில்லை நேசிப்பவனும் கல்வியை நேசிப்பவனும் பேசிக்கொள்வது போல அமைந்த நூல். அறிஞர்கள் லத்தீனில் எழுதிய காலத்தில் அதை அவர் ஆங்கிலத்திலேயே எழுதினார். ஓயாமல் படிக்கும் மனம் மழுங்கிப்போகும். வில் உடம்பு முழுவதற்கும் வேலை கொடுத்து மனத்துக்கு ஓய்வு தரும் என்பது அவர் வாதம். நிற்பது, அம்பைத் தொடுப்பது, நாணை இழுப்பது, இழுத்த நிலையில் நிறுத்துவது, விடுவது என்று எய்தலை ஐந்தாகப் பிரித்துக் காட்டினார். இலக்கைக் கடிக்கப் போகிறவன்போலத் தலையை நீட்டுவது, உதட்டைக் கடிப்பது என்று வில்லாளிகளிடம் கண்ட கெட்ட பழக்கங்களையும் எழுதினார். காற்றின் போக்கை அறிய அவர் பார்த்தது பனியை. வெயிலடித்த ஒரு குளிர்நாளில் குதிரையில் போகும்போது, தரையில் பனித்தூள் ஓரிடத்தில் ஓடுவதையும் பக்கத்திலேயே அசையாமல் கிடப்பதையும் கவனித்து, காற்று ஒரே சீராக வீசுவதில்லை என்று கண்டுகொண்டார். வில் பழகும் மாணவனுக்குக் கிடைக்கும் பெரிய வரவு இந்தக் கூர்ந்த கவனிப்புதான். அதை இவ்வளவு தெளிவாகக் காட்டிய ஆசிரியர்கள் சிலரே.

ஹாரோ பள்ளி வில் பயிற்சியை விதியாகவே எழுதிவைத்தது. சொந்த நிலத்தில் பயிரிட்டு வாழ்ந்த ஜான் லயன் என்ற குடியானவர் 1572-இல் எலிசபெத் அரசியிடம் சாசனம் பெற்று நிறுவிய பள்ளி அது. 1591-இல் அவர் வகுத்த விதிகளின்படி பையன்களுக்கு அனுமதிக்கப்பட்ட விளையாட்டுகள் பம்பரம், கைப்பந்து, ஓட்டம், வில் ஆகியவை மட்டுமே. பிள்ளைக்கு வில், அம்பு, நாண், முன்கைக் காப்பு ஆகியவற்றை வாங்கித் தருவது பெற்றோர் பொறுப்பு. நாண் விடுபடும்போது முன்கைத் தோலை உரித்துவிடாமல் தடுப்பது இந்தக் காப்பு.

துப்பாக்கி வந்தபின் 1595-இல் பயிற்சிப் படைகளிலிருந்து வில் விலக்கப்பட்டது. பள்ளிகளில் அது போட்டியாக உயிர்பிழைத்தது. ஸ்காட்லாந்தின் செயின்ட் ஆண்ட்ரூஸ் பல்கலைக்கழகத்தில் வெள்ளி அம்புக்காக மாணவர்கள் மோதினார்கள்; பின்னாளில் தளபதியான மான்ட்ரோஸ் 1628-இல் அதை வென்றவர். ஹாரோவிலும் ஆண்டுதோறும் வெள்ளி அம்புப் போட்டி நடந்தது. போட்டியிடுவோர் பளபளக்கும் சாட்டின் உடையில் வருவார்கள். நடுக்குறியைச் சூழ்ந்த மூன்று வட்டங்களுக்குள் அம்பு தைத்ததும் கொம்பு முழங்கும். வென்றவனை ஊர்வலமாகப் பள்ளிக்கு அழைத்து வருவார்கள். இரவில் அங்கே நடனம்.

அந்த ஆரவாரமே போட்டிக்கு வினையானது. பயிற்சியைக் காட்டி வகுப்புக்கு வராமலிருப்பதைப் போட்டியாளர்கள் தங்கள் உரிமையாக்கிக்கொண்டனர். லண்டனிலிருந்து ஒழுங்கற்ற கூட்டமும் வந்து குவிந்தது. 1771 போட்டிதான் கடைசி. தலைமையாசிரியர் பெஞ்சமின் ஹீத் அதை நிறுத்தி, மேடைப்பேச்சு நாளைக் கொண்டுவந்தார். ஒழுங்கின்மையைத் திருத்தாமல் கலையையே விலக்கியது வருந்தத்தக்க முடிவு. பத்தாண்டு கழித்து, 1781-இல் ஆஷ்டன் லீவர் தொடங்கிய வில்லாளிகள் சங்கத்தில் வில் மறுபடி தலையெடுத்தபோது, அதைக் கையில் எடுத்தவர்கள் வளர்ந்த செல்வந்தர்கள்.