வாளைக் காட்டினால் வாக்கு

வாக்கு கேட்ட பெண்கள் லண்டன் கடைவீதியில் கண்ணாடிகளை நொறுக்கியதைச் சென்ற வாரம் பார்த்தோம். ஸ்விட்சர்லாந்துப் பெண்கள் அந்த வழிக்குப் போகவில்லை. மனு எழுதினார்கள், கையெழுத்துத் திரட்டினார்கள், காத்திருந்தார்கள். பிரிட்டனில் 1928-இல் ஆண்களுக்குச் சமமான வாக்கு பெண்களுக்குக் கிடைத்துவிட்டது. ஸ்விஸ் பெண்களுக்கு அது கிடைத்த ஆண்டு 1971.

பின்தங்கிய நாடு என்று சொல்லித் தப்பிக்க முடியாது. அங்கே மன்னர் கிடையாது. ஐரோப்பாவில் சாமானியனுக்கு வாக்கு என்பதே அரிதாக இருந்த 1848-இல், அங்கே பெரும்பாலான ஆண்களுக்கு வாக்கு வந்துவிட்டது. வரியா, ராணுவமா, ரயில் பாதையா, எதையும் மக்களிடம் கேட்டு முடிவு செய்யும் பழக்கம் அவர்களுக்கு உண்டு. சிக்கல் அங்கேதான். மற்ற நாடுகளில் நாடாளுமன்றத்தை வளைத்தால் போதும், சட்டம் வந்துவிடும். இங்கே அரசியல் சட்டத்தைத் திருத்த வேண்டுமானால் வாக்காளரில் பெரும்பான்மை, மாநிலங்களில் பெரும்பான்மை, இரண்டும் வேண்டும். வாக்காளர் என்றால் ஆண்கள். தலைநகரில் நாலு அமைச்சர்கள் மனம் மாறினால் ஆகப்போவது ஒன்றுமில்லை. மலைச் சரிவில் மாடு மேய்ப்பவர் வரைக்கும் மனம் மாற வேண்டும்.

1928-இல் பெர்ன் நகரில் பெண்களின் உழைப்பைக் காட்டும் பெரிய கண்காட்சி ஒன்று நடந்தது. அதன் ஊர்வலத்தில் வாக்குரிமைக்காரர்கள் சக்கரம் பூட்டிய பிரம்மாண்டமான நத்தை ஒன்றை இழுத்து வந்தார்கள். தங்கள் கோரிக்கை நகரும் வேகம் இதுதான் என்ற கேலி. மறு ஆண்டு ஏறத்தாழ 2.5 லட்சம் கையெழுத்துகளுடன் மனு கொடுத்தார்கள். அதில் மூன்றில் ஒரு பங்குக்குச் சற்றுக் குறைவானவை ஆண்களுடையவை. அரசு மனுவை வாங்கி வைத்துக்கொண்டது.

எதிர்த்தவர்கள் சும்மா இருக்கவில்லை. 1946-இல் பாசல் நகர வாக்கெடுப்புக்கு ஒரு சுவரொட்டி ஒட்டினார்கள். குழந்தை சூப்பும் ரப்பர். அதன்மேல் ஓர் ஈ. அம்மா ஓட்டுப் போடப் போய்விட்டாள் என்று பொருள். சுவரொட்டிக் கலையில் ஸ்விஸ்காரர்கள் கெட்டிக்காரர்கள்; அந்தக் கெட்டிக்காரத்தனம் இதற்கும் பயன்பட்டது. வாக்கு வேண்டாம் என்று பெண்களே சங்கம் வைத்ததும் நடந்தது.

இந்தச் சூழலில்தான் வாலே மாநிலத்தில், மலைமேல் இருக்கும் உன்டர்பேக் என்ற சிற்றூர் ஒரு காரியம் செய்தது. பனிப்போர்க் காலம். போர் வந்தால் வீடுகளையும் ஊரையும் காக்கும் குடிமைப் பாதுகாப்புப் பணியில் பெண்களையும் கட்டாயமாகச் சேர்க்க ஒரு சட்டத்திருத்தம் தயாரானது. 1957 மார்ச் தொடக்கத்தில் அதற்குப் பொதுவாக்கெடுப்பு. பெண்கள் தலையில் கடமையை ஏற்றலாமா என்று ஆண்கள் வாக்களித்து முடிவு செய்வார்களாம்! வழக்கறிஞர் ஐரிஸ் ஃபொன் ரோட்டனும் அவருடைய கணவர், வாலே அரசியல்வாதி பீட்டர் ஃபொன் ரோட்டனும் இதில் ஓர் ஓட்டையைக் கண்டுபிடித்தார்கள். கடமை நமக்கென்றால் வாக்கும் நமக்குத்தானே என்று கேட்டார்கள். ஊர்மன்றம் துணிந்தது. மேலிடம் கூடாது என்று சொல்லியும் பெண்களுக்குத் தனிப் பெட்டி வைத்தது. ஊர்த் தலைவரின் மனைவி கத்தரினா சென்ஹாய்சர்ன் முதல் ஆளாக வந்து சீட்டைப் போட்டார். அவரைச் சேர்த்து வாக்களித்த பெண்கள் 33 பேர்.

அந்தச் சீட்டுகளை யாரும் கணக்கில் சேர்க்கவில்லை. ஆனால் வெளிநாட்டுப் பத்திரிகைக்காரர்கள் அந்த மலையூருக்குக் கிளம்பி வந்துவிட்டார்கள். மானம் போனது பெர்னில் இருந்த மத்திய அரசுக்கு.

மறு ஆண்டு ஐரிஸ் ஒரு தடிமனான நூல் எழுதினார். திருமணம், வேலை, தாய்மை, வீட்டு வேலை என்று ஒன்றையும் விடாமல் போட்டு உடைத்திருந்தார். ஆண்கள் கொதித்தது இருக்கட்டும், பெண்கள் அமைப்புகளே விலகி நின்றன. நல்ல பிள்ளைகளாகக் கேட்டால் தருவார்கள் என்று நம்பியிருந்தவர்களுக்கு இந்தக் குரல் ஆபத்தாகப் பட்டது. பாசல் திருவிழாவில் அவரை வைத்துக் கிண்டல் செய்து தீர்த்தார்கள்.

1959 பிப்ரவரி 1 அன்று, பெண்களுக்கு வாக்குரிமை தரலாமா என்று நாடு முழுதும் ஆண்கள் வாக்களித்தார்கள். 67 சதவிகிதம் 'வேண்டாம்'. தோல்விக்கு ஐரிஸின் நூல்மேல் பழி போட்டவர்களும் உண்டு. என்னைக் கேட்டால், மூன்றில் இரண்டு பங்கு ஆண்களை ஒரு புத்தகம் கெடுத்திருக்க வழியில்லை. அவர்களில் எத்தனை பேர் அதைப் பிரித்துப் பார்த்திருப்பார்கள்? பிரெஞ்சு பேசும் வோ, ஜெனீவா, நொஷாத்தெல் மூன்று மாநிலங்கள் மட்டும் 'ஆம்' என்றன. வோ அன்றைக்கே தன் மாநிலத் தேர்தல்களில் பெண்களுக்கு வாக்குக் கொடுத்துவிட்டது. இரண்டு நாள் கழித்துப் பாசலில் ஒரு பெண்கள் பள்ளியின் ஆசிரியைகள் வகுப்புக்குப் போக மறுத்து வேலைநிறுத்தம் செய்தார்கள்.

பிறகு வெளியுறவு விஷயம் ஒன்று கைகொடுத்தது. 1960-களின் இறுதியில் ஐரோப்பிய மனித உரிமை உடன்படிக்கையில் சேர அரசுக்கு ஆசை. பெண்களுக்கு வாக்கில்லை என்பதை விலக்காகக் குறித்துவிட்டுக் கையெழுத்துப் போடலாம் என்று கணக்குப் போட்டது. மனித உரிமை வேண்டும், அதில் பாதி மனிதர்கள் வேண்டாம்! 1969 மார்ச் 1 அன்று வாக்குரிமைக்காரர் எமிலி லீபர்ஹெர் தலைமையில் சுமார் 5,000 பேர் பெர்ன் நாடாளுமன்றச் சதுக்கத்தில் திரண்டார்கள். கையில் விசில். அதுவரை பணிந்து கேட்டவர்கள் காது கிழிய ஊதினார்கள். 1971 பிப்ரவரி 7 வாக்கெடுப்பில் 65.7 சதவிகித ஆண்கள் 'ஆம்' என்றார்கள். பன்னிரண்டு ஆண்டுகளில் கணக்கு அப்படியே தலைகீழ். அந்த ஆண்டு அக்டோபர் தேர்தலில் 200 பேர் கொண்ட கீழவைக்குப் பத்துப் பெண்கள் போனார்கள்.

ஆனால் இது தேசிய அளவில் மட்டும். மாநில விவகாரம் மாநிலத்தின் பாடு. மற்றவை ஒவ்வொன்றாக இறங்கி வந்தன. அப்பன்செல் என்ற பெயரைப் பகிர்ந்துகொண்ட இன்னர்ரோடன், அவுசர்ரோடன் என்ற இரண்டு குட்டி மாநிலங்கள் மட்டும் இறங்கவில்லை. அப்போது இரண்டிலும் ஏப்ரல் கடைசி ஞாயிறன்று ஊர்வெளியில் கூடிக் கையைத் தூக்கி முடிவு செய்துவந்தார்கள். இன்னர்ரோடனில் ஆண்கள் இடுப்பில் வாள் கட்டி வருவது வழக்கம். அப்பனிடமிருந்து மகனுக்கு வரும் அந்த வாள்தான் வாக்காளர் அடையாளம். பெண்களைச் சேர்த்தால் மரபு கெடும், சதுக்கத்தில் இடம் போதாது என்றெல்லாம் சொன்னார்கள். 1984-இல் எலிசபெத் கோப் நாட்டின் ஏழு பேர் அமைச்சரவையில் முதல் பெண்ணாக உட்கார்ந்துவிட்டார். அப்போதும் அப்பன்செல் பெண்ணுக்கு மாநில விஷயத்தில் வாக்கில்லை. அதே பத்தாண்டில் இலங்கையிலிருந்து தமிழர்கள் ஸ்விட்சர்லாந்தில் தஞ்சம் புகுந்துகொண்டிருந்தார்கள். அவர்கள் விட்டுவந்த தீவில் 1931-லேயே 21 வயதுப் பெண்களுக்கு வாக்குரிமை வந்திருந்தது!

அவுசர்ரோடன் 1989-இல் ஒருவழியாக இறங்கி வந்தது. இன்னர்ரோடன் ஆண்கள் 1990 ஏப்ரல் 29 அன்று மூன்றாம் முறையாக மறுத்தார்கள். தெரேசா ரோனர் என்ற பெண் முன்பே வழக்குத் தொடுத்திருந்தார். வேறு சிலரும் சேர்ந்துகொண்டார்கள். 1990 நவம்பர் 27 அன்று கூட்டாட்சி உச்சநீதிமன்றம் தீர்ப்பளித்தது. இன்னர்ரோடன் அரசியல் சட்டத்தில் ஒரு சொல்லையும் மாற்றத் தேவையில்லை, அதில் 'ஊர்மக்கள்' என்றால் பெண்களும்தான் என்று படித்துக்கொள்ளுங்கள் என்றது. 1981-இல் தேசிய அரசியல் சட்டத்தில் சேர்ந்த சமத்துவப் பிரிவு அதற்கு அடிப்படை. கையைத் தூக்கி ஆண்கள் தர மறுத்ததை நீதிபதிகள் தர வேண்டியதாயிற்று.

1991 ஏப்ரல் 28 அன்று பெண்கள் சதுக்கத்துக்குள் வந்தார்கள். இடம் போதுமானதாகவே இருந்தது. அவர்களுக்கு வாக்காளர் அட்டை கொடுத்தார்கள். ஆண்கள் இன்றும் வாளைக் காட்டினால் போதும். ஏழு வாரம்கூட ஆகவில்லை, ஜூன் 14 அன்று நாடெங்கும் சுமார் ஐந்து லட்சம் பெண்கள் வேலைநிறுத்தத்தில் இறங்கினார்கள். சமத்துவப் பிரிவு வந்து பத்து ஆண்டு ஆன நாள் அது. சம வேலைக்குச் சம கூலி எங்கே என்று கேட்டார்கள். யோசனையைக் கிளப்பியவர்கள் கைக்கடிகாரத் தொழிற்சாலைப் பெண்கள்.

(தொடரும்)