உடன்படிக்கையும் சமூக நீதியும்

உடன்படிக்கை என்பது விவிலியத்தில் கடவுளும் ஒரு மக்கள்கூட்டமும் ஒருவருக்கொருவர் கொடுத்துக்கொண்ட வாக்கு. ஏழை, விதவை, அநாதை, அந்நியர் ஆகியோருக்கு இழைக்கும் அநீதி அந்த வாக்கையே முறிக்கிறது என்பது யூத, கிறிஸ்தவ மரபுகள் இரண்டுக்கும் பொதுவான போதனை. இக்கட்டுரை அப்போதனையின் வேரையும், இலங்கையின் மட்டக்களப்பு நகருக்கும் ஏறாவூருக்கும் இடையே வாவியோரம் அமைந்த தன்னாமுனையையும் அதன் சுற்றுப்புறத்தையும் சார்ந்த வாழ்வில் அது கண்ட சோதனையையும் கூறுகிறது.

சொல்லும் பொருளும்

எபிரேயத்தில் உடன்படிக்கை 'பெரித்' எனப்படும். அதைச் 'செய்தல்' என்று சொல்லாமல் 'வெட்டுதல்' என்றே அம்மொழி சொல்லும். விலங்கை இரண்டாக வெட்டி, துண்டுகளுக்கு நடுவே நடந்து, வாக்குத் தவறினால் இந்தக் கதி தனக்கும் வரட்டும் என்று ஏற்பது பழைய வழக்கம். கி.மு. 14, 13ஆம் நூற்றாண்டுகளில் ஹித்தியப் பேரரசர்கள் சிற்றரசர்களோடு செய்த ஒப்பந்தங்களின் அமைப்பு சீனாய் மலையில் கடவுள் இஸ்ரயேலரோடு செய்த உடன்படிக்கையிலும் தெரிவதை விவிலிய அறிஞர் ஜோர்ஜ் மெண்டன்ஹால் 1954இல் எடுத்துக்காட்டினார். அங்கே பேரரசன் சிற்றரசனுக்குத் தான் செய்த நன்மைகளை நினைவூட்டுவான். சீனாயில் கடவுள் நினைவூட்டுவது எகிப்தின் அடிமைகளைத் தாம் விடுவித்ததை. விடுதலை முதலில், சட்டம் அதற்குப் பிறகு. 'மிஷ்பாத்' (நியாயம்), 'செதாக்கா' (நீதி) என்ற இரு சொற்களும் இந்த வாக்கோடு பிரியாமல் வருவதற்குக் காரணம் இதுவே.

சட்டமும் வயலும்

உடன்படிக்கைச் சட்டங்கள் மிகச் சிறிய பொருள்கள்வரை இறங்கிப் பேசுகின்றன. ஏழையின் மேலாடையை அடகாக வாங்கினால் பொழுது சாயுமுன் திருப்பிக் கொடுக்க வேண்டும். இரவில் அவனுக்குப் போர்த்திக்கொள்ள வேறொன்றும் இல்லை. மா அரைக்கும் திரிகைக் கல்லை அடகு பிடிக்கக் கூடாது. அது ஒரு குடும்பத்தின் உயிரையே பிடித்து வைப்பதற்குச் சமம். வயலின் ஓரங்களை ஒட்ட அறுக்காமல், சிந்திய கதிரைத் திரும்பப் பொறுக்காமல், ஏழைக்கும் அந்நியருக்கும் விட வேண்டும். வேளாண்மை வெட்டு முடிந்த வட்டையில் கதிர் பொறுக்கியவர்களை அறிந்த மட்டக்களப்பாருக்கு இதற்கு விளக்கவுரை தேவையில்லை.

ஏழாம் ஆண்டில் கடன் தள்ளப்படும். ஐம்பதாம் ஆண்டான யூபிலியில் கைமாறிய நிலம் பழைய குடும்பத்துக்கே திரும்பும். நிலம் கடவுளுடையது, மனிதர் அதில் தங்கிப்போகும் குடிகள் என்பதே லேவியர் நூல் சொல்லும் காரணம். மட்டக்களப்பு வழக்கில் சொன்னால், போடியார் (நிலவுடைமையாளர்) கடவுள் ஒருவரே. மற்ற எல்லோரும் முல்லைக்காரர் (அவர் வயலில் உழைப்பவர்கள்).

இச்சட்டங்களுக்கு வரம்பும் உண்டு. எபிரேய அடிமை ஏழாம் ஆண்டில் விடுதலை பெற்றார். அந்நிய அடிமைக்கு அதே நூல்கள் அந்த உரிமையைத் தரவில்லை. பிற்கால வாசகர்கள் இந்தக் குறையை மறைக்காமல், எகிப்தின் நினைவையே அளவுகோலாக்கி அதைத் தாண்டிச் செல்ல வேண்டியிருந்தது.

இறைவாக்கினரின் குற்றச்சாட்டு

கி.மு. 8ஆம் நூற்றாண்டில் ஆமோஸ், ஏழைகளை ஒரு சோடிச் செருப்பின் விலைக்கு விற்றவர்களின் திருவிழாக்களைக் கடவுள் வெறுக்கிறார் என்றார். எரேமியா நூலின் 34ஆம் அதிகாரம் இன்னும் நேரடியானது. பாபிலோனியப் படை எருசலேமைச் சூழ்ந்தபோது, செல்வர்கள் கன்றை வெட்டி அதன் துண்டுகளுக்கு நடுவே நடந்து, அடிமைகளை விடுதலை செய்தார்கள். முற்றுகை தளர்ந்ததும் அதே ஆட்களைத் திரும்பப் பிடித்துக்கொண்டார்கள். அது கடவுளோடு செய்த உடன்படிக்கையையே மீறியது என்று எரேமியா தீர்ப்புரைத்தார்.

யூத மரபில்

வயலோரத்தை ஏழைக்கு விடும் கடமை, யூதச் சட்டத் தொகுப்பான மிஷ்னாவில் 'பேயா' என்ற தனி நூலாக விரிந்தது. ஏழாம் ஆண்டு நெருங்க நெருங்கச் செல்வர்கள் கடன் கொடுக்கத் தயங்கியதைக் கண்ட யூத அறிஞர் ஹில்லேல், கடனை நீதிமன்றத்தின் பொறுப்பில் விடும் 'புரோஸ்புல்' முறையை ஏற்படுத்தினார். சட்டத்தின் எழுத்து ஏழையை வதைத்தபோது, அதன் நோக்கம் காப்பாற்றப்பட்டது. 12ஆம் நூற்றாண்டில் யூத அறிஞர் மைமோனிடஸ் ஈகைக்கு எட்டுப் படிகள் வகுத்தார். கடனோ, கூட்டுத்தொழிலோ, வேலையோ கொடுத்து ஒருவர் இனிப் பிறரிடம் கையேந்தாதபடி செய்வதே உச்சிப் படி.

கிறிஸ்தவ மரபில்

இயேசு நாசரேத்துத் தொழுகைக்கூடத்தில் ஏழைகளுக்கு நற்செய்தியையும் ஒடுக்கப்பட்டோருக்கு விடுதலையையும் அறிவித்ததாக லூக்கா எழுதுகிறார். கொரிந்துச் சபையில் வசதியானவர்கள் முந்தி உண்டு, இல்லாதவர்களைப் பசியோடு விட்டபோது, அது ஆண்டவரின் விருந்தே அல்ல என்றார் பவுல். ஜோன் வெஸ்லி 1755இல் தொடங்கிய உடன்படிக்கை ஆராதனையை மெதடிஸ்தர்கள் இன்றும் புத்தாண்டையொட்டி நடத்துகிறார்கள். அந்தச் சபை 1814இல் மறைப்பணியாளர் வில்லியம் ஓல்ட் வழியாக மட்டக்களப்பை வந்தடைந்தது.

இயேசு சபையின் 32ஆம் பொதுப் பேரவை (1974–75) விசுவாசப் பணியிலிருந்து நீதியின் பணியைப் பிரிக்க முடியாது என்று முடிவு செய்தது. இலங்கையின் இறையியலாளர் அலோசியஸ் பீரிஸ் இதைச் செறிவாகச் சொன்னார்: கடவுளுக்கும் செல்வ வழிபாட்டுக்கும் இடையே தீராப் பகை, கடவுளுக்கும் ஏழைகளுக்கும் இடையே முறியாத உடன்படிக்கை. இயேசுவே அந்த உடன்படிக்கை.

திரிபு

தாம் தெரிந்துகொள்ளப்பட்ட மக்கள் என்ற எண்ணம் பிறரை ஒடுக்கவும் பயன்பட்டிருக்கிறது. தென்னாபிரிக்க வெள்ளைக் குடியேறிகள் 1838இல் சூலுக்களோடு போரிடுமுன் செய்த பொருத்தனையின் நினைவுநாள், பின்னாளில் நிறவெறி ஆட்சியின் புனித நாளாயிற்று. எகிப்திலிருந்து இஸ்ரயேலைக் கொண்டுவந்தவர் பெலிஸ்தியரையும் வேறோரிடத்திலிருந்து கொண்டுவந்தார் என்ற ஆமோஸின் சொல் இதற்கு மறுப்பாக நிற்கிறது.

மட்டக்களப்பு வாவிக்கரையில்

புனித சூசையப்பர் ஆலயத்தைக் கொண்ட தன்னாமுனை, பழமையான கத்தோலிக்கக் கிராமம். தமிழர்களும் போர்த்துக்கேயப் பறங்கியரும் வாழும் இடம். திருகோணமலை வீதி இதன் வழியே ஏறாவூருக்கும் வாழைச்சேனைக்கும் செல்கிறது. இலங்கையின் உள்நாட்டுப் போர்க்காலத்தில் உடன்படிக்கைப் போதனைக்கு இந்த வீதியிலும் அதன் சுற்றுப்புறத்திலும் சோதனை வந்தது.

மட்டக்களப்புப் பிரஜைகள் குழுவின் தலைவராக இருந்து, பாதிக்கப்பட்டோருக்காகப் பேசிய அருட்தந்தை சந்திரா பெர்னாண்டோ 1988 ஜூன் 6 அன்று சுட்டுக் கொல்லப்பட்டார். 1990 ஒகஸ்ட் 3 அன்று காத்தான்குடிப் பள்ளிவாசல்களிலும், 11ஆம் திகதி இரவில் ஏறாவூரிலும், ஒவ்வோரிடத்திலும் நூற்றுக்கு மேற்பட்ட முஸ்லிம்கள் கொல்லப்பட்டார்கள். செப்டெம்பர் 9 அன்று தன்னாமுனைக்கு அயலிலுள்ள சத்துருக்கொண்டானில், சுற்றுக் கிராமங்களின் தமிழர்கள் குழந்தைகளோடு கொல்லப்பட்டார்கள். தமிழர், முஸ்லிம்கள் என இரு பக்கத்திலும் விதவைகளும் அநாதைகளும் பெருகினார்கள்.

இவற்றுக்கு நடுவே, ஒகஸ்ட் 15 அன்று, அமெரிக்காவின் லூசியானாவில் பிறந்த இயேசு சபைக் குரு யூஜின் ஹேபர்ட் காணாமற்போனார். புனித மிக்கேல் கல்லூரியில் கூடைப்பந்து பயிற்றுவித்தவர் அவர். தொழில்நுட்பப் பயிற்சி நிலையம் நடத்தி, இளைஞர்களின் கையில் தொழிலைக் கொடுத்தவர். மைமோனிடஸின் உச்சிப் படி அதுதான். அன்று வாழைச்சேனையிலிருந்து, ஆபத்தில் இருந்தவர்களின் காரியமாகப் போய்விட்டு, ஸ்கூட்டரில் மட்டக்களப்புக்குத் திரும்பிக்கொண்டிருந்தார். அவரும் உடன்வந்த தமிழ் இளைஞரும் வீடு வந்து சேரவில்லை.

1948இல் இலங்கைக்கு வந்து 2019இன் தொடக்கத்தில் மட்டக்களப்பிலேயே மறைந்த இயேசு சபைக் குரு பாதர் ஹரி மில்லர், சமாதானக் குழுவில் இருந்துகொண்டு, காணாமற்போனோரின் உறவினர்கள் சொன்னவற்றைக் கேட்டு எழுதி வைத்தார். எழுதப்பட்ட பெயர் என்பது, இந்த ஆளைத் திருப்பிக் கொடுங்கள் என்ற கோரிக்கை. அடகு வாங்கிய ஆடையைக்கூடப் பொழுது சாயுமுன் திருப்பச் சொல்லும் சட்டத்தின் முன்னால், கொண்டுபோன மனிதரைத் திருப்பாதவர்களின் கடன் இன்னும் தீரவில்லை. அந்தக் கடனை நினைவில் வைத்து, தமிழ்த் தாய்க்காகவும் முஸ்லிம் தாய்க்காகவும் ஒரே குரலில் கேட்பதுதான் இவ்வாவிக்கரையில் உடன்படிக்கையைக் காப்பது.