மூன்று மாடி வானொலி



இங்கிலாந்தில் வேலை பார்க்கும் என் பழைய மாணவன் ஒருவன் போன வாரம் ஒரு படம் அனுப்பியிருந்தான். அங்கே பழைய சாமான் கடையில் பார்த்த வால்வு ரேடியோ. "டீச்சர், முள் நகர்கிற கண்ணாடியில் ஊர்ப் பெயர்களோடு லைட், ஹோம், தேர்ட் என்று மூன்று வார்த்தை இருக்கிறதே, அது என்ன?" என்று கேட்டிருந்தான். ஏழாம் வகுப்பில் கடைசி பெஞ்சில் உட்கார்ந்து வாயே திறக்காத பையன். இப்போதாவது கேட்டானே என்று எனக்கு ஒரே சந்தோஷம். அவனுக்கு எழுதிய பதிலைக் கொஞ்சம் விரித்து உங்கள் எல்லோருக்கும் எழுதுகிறேன்.

அவை மூன்றும் பிபிசியின் உள்நாட்டு ஒலிபரப்புகள். 1939 செப்டம்பர் 1 அன்று, போர் மூளும் நேரத்தில், வட்டார நிலையங்களை ஒன்றாக்கி ஹோம் சர்வீஸ் வந்தது. 1945 ஜூலையில் பாட்டும் கூத்துமாக லைட் ப்ரோகிராம். 1946 செப்டம்பரில் தேர்ட் ப்ரோகிராம். விளம்பரம் கிடையாது. ரேடியோ வைத்திருக்கும் வீடு ஆண்டுக்கு 1 பவுண்டு உரிமக் கட்டணம் கட்டும். அந்தப் பணத்தில்தான் மூன்றும் நடந்தன.

1951ஆம் ஆண்டுக் கடைசியில் ஒரு சாதாரண வேலை நாள் எப்படி இருந்திருக்கும் என்று பார்ப்போம். போர் முடிந்து ஆறு வருஷம் ஆகியும் இறைச்சிக்கும் சர்க்கரைக்கும் ரேஷன். தொலைக்காட்சி மிகச் சில வீடுகளில்தான்.

ஆண்கள் வேலைக்குப் போனதும் லைட்டில் 'ஹவுஸ்வைவ்ஸ் சாய்ஸ்'. இல்லத்தரசிகள் கடிதம் எழுதிக் கேட்ட பாட்டுகள். பத்தரை மணிக்கு 'மியூசிக் வைல் யூ வொர்க்'. இது 1940 ஜூனில் தொழிற்சாலைத் தொழிலாளர்களுக்காகத் தொடங்கியது. அரை மணி நேரம் பேச்சில்லாமல் இசை மட்டும். நடுவில் கைதட்ட வேண்டிய ஓர் அமெரிக்கப் பாட்டை இதில் போடவே கூடாது என்று தடை போட்டிருந்தார்கள். ஏன் தெரியுமா? தொழிலாளிகள் கையில் இருக்கும் கருவியால் இயந்திரத்தைத் தட்டித் தாளம் போட்டுவிடுவார்களாம்!

அதே நேரம் ஹோம் சர்வீஸில் பள்ளி ஒலிபரப்பு. எனக்கு மிகவும் பிடித்த பகுதி இதுதான். வரலாறு என்றால் நாடகம் போல, குதிரைக் குளம்பொலியும் சந்தை இரைச்சலும் சேர்த்துச் சொல்வார்கள். ரோடா பவர் என்ற அம்மையார் 1920களிலேயே இந்த முறையைக் கொண்டுவந்தவர். கேட்டுக்கொண்டே பார்ப்பதற்குப் படம் போட்ட சிறு புத்தகங்கள் பள்ளிகளுக்கு வரும். 'மியூசிக் அண்ட் மூவ்மெண்ட்' வந்தால் பிள்ளைகள் பெஞ்சை விட்டு எழுந்து, ஒலிபெருக்கியில் வரும் குரல் சொல்கிறபடி ஆடி ஓடுவார்கள். ஓரிரு ஆசிரியர்கள் மட்டும் இருந்த கிராமப் பள்ளிக்கு இது எவ்வளவு பெரிய துணை என்று என்னைப் போன்றவர்களுக்குத்தான் தெரியும்.

மதியம் 1.45க்கு ஐந்து வயதுக்குட்பட்ட குழந்தைகளுக்குக் கால் மணி நேரம். சௌகரியமாக உட்கார்ந்தாயிற்றா என்று கேட்டுவிட்டுத்தான் கதையை ஆரம்பிப்பார்கள். 2 மணிக்கு 'வுமன்ஸ் அவர்'. 1946இல் அது தொடங்கியபோது நடத்தியவர் ஓர் ஆண்! ஆனாலும் பெண்கள் வெளியில் பேசத் தயங்கிய உடல்நல விஷயங்களை அந்த நிகழ்ச்சி துணிந்து பேசியது. பிறகு ஒரு டாக்டர் மனைவியின் தொடர்கதை. 5 மணிக்குச் சிறுவர் நிகழ்ச்சி.

6.45க்கு 'தி ஆர்ச்சர்ஸ்'. ஒரு விவசாயக் குடும்பத்தின் கதை. உணவுத் தட்டுப்பாட்டுக் காலம் அல்லவா? விளைச்சலைப் பெருக்கும் வழிகளை வெறும் அறிவுரையாகச் சொன்னால் யார் கேட்பார்கள்? கதைக்குள் வைத்துக் கொடுத்தார்கள். அந்தத் தொடர் இன்றும் ஓடிக்கொண்டிருக்கிறது.

இரவு 9 மணிச் செய்திக்கு முன் பிக் பென் மணியோசை. மாணவர்களே, இங்கே ஒரு கேள்வி. மணிக்கூண்டிலிருந்து 300 மீட்டர் தள்ளி நிற்பவருக்கு முதலில் கேட்குமா, 600 கிலோமீட்டர் தொலைவில் ஸ்காட்லாந்தில் ரேடியோ முன் உட்கார்ந்திருப்பவருக்கா? ஸ்காட்லாந்துக்காரருக்குத்தான். ஏனென்று கமெண்டில் எழுதுங்கள்.

இனி தேர்ட். இது மாலையில்தான் தொடங்கும். பெர்னார்ட் ஷாவின் நீண்ட நாடகத்தை வெட்டாமல் முழுசாகப் போட்டார்கள். 1948இல் கடவுள் உண்டா இல்லையா என்று பெர்ட்ரண்ட் ரஸ்ஸலும் கோப்பிள்ஸ்டன் பாதிரியாரும் வாதாடினார்கள். 'பிக் பேங்' என்கிறோமே, அந்தச் சொல்லை 1949இல் ஃப்ரெட் ஹாயில் முதன்முதலில் சொன்னது இந்த ஒலிபரப்பில்தான். அவர் அந்தக் கொள்கையை ஏற்காதவர் என்பது வேடிக்கை.

இந்த மூன்று அடுக்கையும் வகுத்தவர் அன்றைய தலைமை இயக்குநர் வில்லியம் ஹேலி. அவர் மனத்தில் இருந்தது ஒரு பிரமிடு. அடியில் லைட், நடுவில் ஹோம், உச்சியில் தேர்ட். பாட்டுக் கேட்க வந்தவர் மெல்ல மெல்ல மேலே ஏறி வருவார் என்று நம்பினார். ஆசிரியர் நம்பிக்கை மாதிரிதான் அது!

ஆனால் பெரும்பாலானவர்கள் ஏறவில்லை. பெருங்கூட்டம் லைட்டிலேயே இருந்தது. தேர்டுக்கு நூற்றுக்கு ஒருவர் இருவர்தான். சிலருக்காக எல்லோர் பணத்தையும் செலவழிக்கலாமா என்ற கேள்வி எழுந்தது. 1957இல் தேர்டின் நேரத்தை ஏறக்குறையப் பாதியாக வெட்டினார்கள். டி.எஸ். எலியட், வாகன் வில்லியம்ஸ் போன்ற பெரியவர்கள் எதிர்த்தும் பயனில்லை.

இதைப் படித்தபோது எனக்குச் சுருக்கென்றது. உங்களில் சிலருக்கு நினைவிருக்கும், வெள்ளிக்கிழமை கடைசிப் பீரியடில் பாடத்தில் இல்லாத உலகக் கதைகளைச் சொல்வேன். ஆய்வுக்கு வந்த ஓர் அதிகாரி, "பரீட்சைக்கு வராததை ஏன் நடத்துகிறீர்கள்? எத்தனை பேர் கவனிக்கிறார்கள்?" என்று கேட்டார். ஐம்பது பேரில் நாலைந்து பேர் கவனித்திருப்பார்கள். பதில் சொல்லத் தெரியாமல் அந்தப் பீரியடையும் கணக்குக்குக் கொடுத்துவிட்டேன். அந்த நாலைந்து பேர் யார் என்று நான் எண்ணிப் பார்க்கவில்லை.

போன வாரம் படம் அனுப்பியவன் கடைசி வரியில் இப்படி எழுதியிருந்தான்: "வெள்ளிக்கிழமை நீங்கள் சொன்ன பிறகுதான் டீச்சர், எனக்கு இந்த ஊரையெல்லாம் பார்க்க ஆசை வந்தது."

ஹேலியின் கணக்கு எண்ணிக்கையில் தோற்றிருக்கலாம். ஆனால் லைட் கேட்கிற வீட்டில், அதே ரேடியோவில், முள்ளை ஒரு விரற்கடை திருப்பினால் ரஸ்ஸல் பேசுவார் என்ற ஏற்பாட்டை நான் தவறென்று சொல்லமாட்டேன். யார் எப்போது திருப்புவார் என்று நமக்குத் தெரியாது. திருப்பும்போது அங்கே ஏதாவது இருக்க வேண்டும்.

1967 செப்டம்பர் 30 அன்று ரேடியோ 1, 2, 3, 4 என்ற எண்கள் வந்தன. நாம் கேட்ட தமிழோசையும் அதே நிறுவனத்திலிருந்து வந்ததுதான். பிபிசியின் தமிழ் ஒலிபரப்பு 1941 மே மாதம், போர்க்காலத்தில் தொடங்கியது.

தம்பி, அந்த ரேடியோ இன்னும் கடையில் இருந்தால் வாங்கிவிடு. பாடாவிட்டாலும் பரவாயில்லை.

மற்றவர்கள் பிக் பென் கேள்விக்கு விடை எழுதுங்கள். பார்த்து எழுதினாலும் சரிதான், இப்போது மதிப்பெண் குறைக்கமாட்டேன்.

எல்லோரும் நலமாக இருங்கள்.