தனிப் பள்ளியும் பொதுப் பள்ளியும்

பழைய தென்னார்க்காடு மாவட்டத்தின் செம்மண் பூமியில், 1930களில், ஜம்புலிங்க முதலியாரின் நிலத்துக் கிணற்றிலே ஒரு கரும்பொருள் வெளிப்பட்டது. அதுவே நெய்வேலியின் தொடக்கம். 1956ஆம் ஆண்டில் பழுப்பு நிலக்கரி நிறுவனம் அமைந்தது. 1957 மே 20ஆம் நாள் பிரதமர் நேரு சுரங்கப் பணியைத் தொடங்கி வைத்தார். 1961இல் நிலக்கரி கண்ணுக்குத் தென்பட்டது; அடுத்த ஆண்டே அதிலிருந்து மின்சாரம் பிறந்தது. கிராமங்கள் இருந்த இடத்தில் எண்ணிட்ட வட்டங்களாக ஒரு நகரியம் எழுந்தது.

புதிதாக ஓர் ஊரை அமைப்போர் விடை காண வேண்டிய வினா ஒன்று உண்டு. அவ்வூர்ப் பள்ளியில் யாருடைய பிள்ளை யாருடைய பிள்ளையின் அருகே உட்காரும் என்பதே அது. நெய்வேலியைச் சூழ்ந்த பழைய சிற்றூர்களிலே இவ்வினாவுக்கு வழக்கம் ஒரு கொடிய விடையை வைத்திருந்தது. ஊர் வேறு, சேரி வேறு. பள்ளிக்கூடமோ ஊரின் நடுவில், பெரும்பாலும் கோயில் தெருவில் இருந்தது. சேரிப் பிள்ளை நடக்கக் கூடாத தெருவிலே பள்ளி இருக்குமானால், அதன் கதவு திறந்திருந்து என்ன பயன்?

சட்டம் இதற்கு இடங்கொடுத்ததா என்று கேட்கலாம். 1856ஆம் ஆண்டில் தார்வாரில் மகார் வகுப்பைச் சேர்ந்த ஒரு சிறுவன் அரசுப் பள்ளியில் இடம் கேட்டான், மறுத்தார்கள். இச்செய்தி இலண்டன் வரை சென்றது. அரசின் பொருளில் நடக்கும் பள்ளிகள் எல்லா வகுப்பாருக்கும் உரியவை என்னும் கொள்கையும் 1858இல் அறிவிக்கப்பட்டது. ஆயினும் அக்கொள்கை ஏட்டிலே நின்றது. வழக்கம் வாசலிலே நின்றது. சேர்த்துக்கொண்ட பள்ளிகளிலும் அப்பிள்ளைகளைப் பல இடங்களில் திண்ணையிலோ தனி மூலையிலோ உட்கார வைத்தார்கள்.

இந்நிலையிலேதான் தனிப் பள்ளிகள் தோன்றின. கிறித்துவச் சங்கத்தார் பல பள்ளிகளை நடத்தினர். 1894இல் கர்னல் ஆல்காட் சென்னை அடையாற்றில் பஞ்சமர் இலவசப் பள்ளிகளைத் தொடங்கினார். 1920ஆம் ஆண்டையொட்டி அரசின் தொழிலாளர் இலாகா இப்பணியை மேற்கொண்டது. அவ்விலாகா நடத்திய பள்ளிகளே பிற்காலத்தில் அரிசன நலப் பள்ளிகளாகி, ஆதிதிராவிடர் நலப் பள்ளிகள் என்னும் பெயரும் பெற்றன.

நெய்வேலி அமைந்துள்ள மாவட்டத்திலேயே, சிதம்பரத்தில், இவ்வகையில் ஒரு சிறந்த பள்ளி உருவாயிற்று. அதனைத் தோற்றுவித்தவர் சுவாமி சகஜானந்தர். 1890இல் ஆரணிக்கு அருகே மேல்புதுப்பாக்கத்தில் பிறந்த அவருக்குப் பெற்றோர் இட்ட பெயர் முனுசாமி. திண்டிவனத்தில் கிறித்துவச் சங்கத்தாரின் பள்ளியில் அவர் பயின்றார். பிழைப்புத் தேடிக் கோலார் தங்கவயலுக்குச் சென்ற எண்ணற்ற தமிழ்த் தொழிலாளர் குடும்பங்களில் அவர் குடும்பமும் ஒன்று. சுரங்க வாழ்வின் கடுமையை இளமையிலேயே கண்ட அவர், துறவு பூண்டு சிதம்பரம் வந்தார். 1916இல் நந்தனார் கல்விக் கழகத்தை நிறுவி, பள்ளியையும் தொடங்கினார், விடுதியும் அமைத்தார்.

பள்ளிக்கு நந்தனார் பெயரை வைத்ததில் ஆழ்ந்த பொருள் உண்டு. தில்லைக் கோயிலின் எல்லையில் நின்று ஏங்கியவர் நந்தனார். அவர் பெயராலேயே, அவ்வூரிலேயே, அவர் வழிவந்த பிள்ளைகள் ஏடு எடுத்தனர். 1959இல் சகஜானந்தர் மறைந்தார். அவர் விதைத்த பள்ளி அரசுப் பள்ளியாக வளர்ந்து இன்றும் நந்தனார் பெயரையே தாங்கி நிற்கின்றது.

கடல் கடந்த ஒரு சுரங்க நாட்டையும் ஒப்பிட்டுப் பார்ப்போம். அமெரிக்காவில் நிலக்கரி மிகுந்த மேற்கு வர்ஜீனியா மாநிலம், வெள்ளையரும் கறுப்பினத்தாரும் ஒரே பள்ளியில் பயிலலாகாது என்று 1872இல் தன் அரசியல் சட்டத்திலேயே எழுதி வைத்தது. பூமிக்கு அடியில் இரு நிறத்தாரும் கரி வெட்டினர். பூமிக்கு மேலே அவர்கள் பிள்ளைகளுக்கு இரு பள்ளிகள்! அங்கே கரி வெட்டிய கார்ட்டர் வுட்சன் என்னும் இளைஞர், எழுத்தறியாத சக தொழிலாளர் ஒருவருக்குச் செய்தித்தாள் வாசித்துக் காட்டித் தம் அறிவையும் வளர்த்துக்கொண்டார். பின்னர் வினோனா என்னும் சுரங்க ஊரில் கறுப்பினப் பிள்ளைகளின் தனிப் பள்ளிக்கு ஆசிரியரானார். 1912இல் ஹார்வர்டில் டாக்டர் பட்டம் பெற்றார். தம் இனத்தின் வரலாற்றை உலகறியச் செய்தார். 1954 மே 17ஆம் நாள் அமெரிக்க உச்சநீதிமன்றம், தனிப் பள்ளி என்பதே சமமின்மை என்று தீர்ப்பளித்தது.

அங்கே சட்டம் பிரித்தது. இங்கே சட்டம் சேர்க்கச் சொல்லியும் வழக்கம் பிரித்தது. எனினும் இரு நாட்டு வரலாறும் ஒரே உண்மையைக் கூறுகின்றன. ஒருவனை விலக்குவதற்காக எழுப்பிய தனிப் பள்ளி ஒரு சுவர். விலக்கப்பட்டவன் தன் பிள்ளைக்காகக் கட்டிய தனிப் பள்ளி ஓர் ஏணி. பார்வைக்கு இரண்டும் ஒன்றே. உள்ளே இருந்த ஆசிரியரின் கண்ணில் மாணவன் தாழ்ந்தவனா, தன் மகனா என்பதிலே வேறுபாடு விளங்கும். அமெரிக்காவில் பள்ளிகளை ஒன்றாக்கியபோது, கறுப்பினத்தாரின் பள்ளிகள் பல மூடப்பட்டன. அவற்றின் ஆசிரியர் பலர் வேலை இழந்தனர். சுவரை இடிக்கும்போது ஏணியையும் சேர்த்து எரித்துவிட்ட கதை அது.

ஆயினும் ஏணியை வீடாகக் கொள்ள இயலாது. தனிப் பள்ளி எவ்வளவு சிறந்ததாயினும், சேரிப் பிள்ளையை அறியாமலே வளரும் ஊர்ப் பிள்ளையின் அறியாமையை அது நீக்காது. அந்நோய்க்கு மருந்து பொதுப் பள்ளி ஒன்றே. நம் அரசியலமைப்பின் 17ஆம் பிரிவு தீண்டாமையை ஒழித்தது. அரசுப் பள்ளிகளிலும் அரசின் நிதியுதவி பெறும் பள்ளிகளிலும் சாதி காரணமாக எவருக்கும் இடம் மறுக்கலாகாது என்கிறது 29ஆம் பிரிவு. அதற்குப் பின்னும், இம்மாவட்டத்துக் காட்டுமன்னார்கோயிலைச் சேர்ந்த இளையபெருமாள் தலைமையில் 1965இல் ஒரு குழு நாடெங்கும் தீண்டாமையை ஆராய வேண்டியிருந்தது. அக்குழு 1969இல் அறிக்கை அளித்தது. சட்டம் பிறந்த அன்றே வழக்கம் இறப்பதில்லை என்பதற்கு அதுவே சான்று.

நெய்வேலியின் வட்டங்களுக்கு எண்தான் உண்டு. சாதிப் பெயர் இல்லை. அது ஒரு நல்ல தொடக்கம். ஆனால் அங்கு வீடுகள் பதவியின் படிக்கேற்ப அமைந்தவை. நகரியத்துக்கு வெளியே, சுரங்கத்துக்கு நிலம் தந்த சிற்றூர்கள் இருக்கின்றன. பொறியாளர் மகளும், ஒப்பந்தத் தொழிலாளி மகனும், நிலமிழந்த உழவன் பேரனும் ஒரே பலகையில் அமர்கின்றனரா என்பதே இனிக் கேட்க வேண்டிய வினா. அதற்குரிய விடையை, மாணவர்களே, உங்கள் வகுப்பறையில் உங்கள் அருகே அமர்ந்திருப்பவர் யார் என்று பார்த்து நீங்களே கூறலாம்.